கலங்காத டியூப்கள்

ஜனவரி 6

தரக்கட்டுப்பாட்டு ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

பொருள்: துள்ளுமாரித் தடுப்பூசி, 27ஆம் பேட்ச் பற்றிய புகார்.

டிசம்பர் 12 முதல் 14 வரை எங்கள் கால்நடை மருந்தகத்தின் பொறுப்பில் உள்ள மூன்று மந்தைகளில் 212 ஆடுகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் போட்டேன். பத்து நாள் கழித்து ஊசி போட்ட இடத்தில் கட்டி கிளம்ப ஆரம்பித்தது. இன்றுவரை 45 ஆடுகளுக்குக் கட்டி. ஐந்து செத்துவிட்டன. கீறினால் கெட்டியான மஞ்சள் சீழ். இந்த பேட்ச்சைச் சோதித்த விவரங்களை அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அலுவலகக் கடிதம் இதோடு முடிந்தது. இனி எழுதுவது அண்ணிக்கு.

நமக்குள் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷம் ஆகிறது. போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் பேசியது நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று ஆகிவிடும். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

நேராகவே கேட்கிறேன். அந்த நிறுவனத்தில் தடுப்பூசி தயாரிக்கும் பிரிவுக்குத் தலைவர் என் அண்ணன். தயாரித்தது சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவருடைய மனைவி. வெளியில் இருப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்று என்றைக்காவது யோசித்தீர்களா? நான் உள்ளேயே இருந்து வேலை பார்த்தவள். எனக்கே இன்று அப்படித்தான் தெரிகிறது.

அதே பேட்ச்சில் ஒன்பது பாட்டில் திறக்காமல் என்னிடம் இருக்கிறது. குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி என் கழுத்தில்.

கடுகு
(வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிட்டீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள்.)


ஜனவரி 11

கால்நடை மருத்துவர் அவர்களுக்கு,

27ஆம் பேட்ச் சோதனையில் தேறிய பேட்ச். நகல் இணைத்திருக்கிறேன். இருபது டியூப் மீடியாக் கரைசலில் தடுப்பூசியை விட்டுப் பதினான்கு நாள் வைத்திருந்தோம். உனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கிருமி ஒன்றே ஒன்று இருந்தாலும் மீடியா அதற்குச் சாப்பாடு. தின்று பெருகி டியூபைக் கலக்கிவிடும். இருபது டியூபும் கடைசி நாள் வரை கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தன. பார்த்தது என் கண். போட்டது என் கையெழுத்து.

இப்போது நான் கேட்கிறேன். எத்தனை ஆட்டுக்கு ஒருமுறை ஊசியை மாற்றினாய்? ஒரு ஆட்டின் தோலில் ஒட்டியிருக்கும் அழுக்கை அடுத்த நாற்பது ஆடுகளுக்குள் கொண்டு சேர்க்க ஒரே ஒரு ஊசி போதும். உன் புகாரில் எல்லா எண்ணும் இருக்கிறது, அந்த எண் மட்டும் இல்லை. ஊசி மாற்றிய பதிவேட்டை அனுப்பு. ஒன்பது பாட்டிலையும் அனுப்பு.

உன் அண்ணனையும் என்னையும் ஒரே மூச்சில் இழுத்திருக்கிறாய். நீ எதற்காக இங்கிருந்து போனாய் என்பது எனக்கு மறக்கவில்லை. லேப்பில் எல்லோர் முன்னாலும் "உன் கை சுத்தமில்ல" என்றேன். உன் சோதனைப் பிளேட்டில் பூஞ்சை வந்திருந்தது, நீ கையுறை மாற்றவில்லை, அதைச் சொன்னேன். நீ அதைத் திருட்டுப் பட்டமாக எடுத்துக்கொண்டு அன்று மாலையே பெட்டியைக் கட்டினாய். அந்த வஞ்சத்தை இப்போது ஆடுகளை வைத்துத் தீர்த்துக்கொள்கிறாயோ என்று எனக்குத் தோன்றுவதில் தப்பில்லையே?

பொறுப்பாளர்


ஜனவரி 16

அண்ணிக்கு,

மூன்று பாட்டில் அனுப்பியிருக்கிறேன். மீதி ஆறு என்னிடம்தான் இருக்கும். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, 'பாட்டில் வழியில் உடைந்துபோனது' என்று ஒரு பதில் வந்தால் நான் யாரிடம் போய் நிற்பது?

ஊசிகள் விதிப்படி மாற்றப்பட்டன. பதிவேடு இங்கே அலுவலகத்துக்குத் தேவைப்படுகிறது.

நேற்று முதல் மந்தைக்குப் போனேன். மந்தைக்கு உரிமையாளர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். மூன்று தலைமுறையாக ஆடு வளர்க்கிறார்கள், ஒரு வருஷமும் தடுப்பூசியைத் தவறவிட்டதில்லை. என் வண்டியைப் பார்த்ததும் பட்டியின் படலைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றாள்.

"ஊசி போட்டா சீக்கு வராதுன்னு சொன்னீங்க. இப்ப சீக்கையே ஊசியில ஏத்திட்டீங்களேம்மா" என்றாள்.

"என்னன்னு பாத்துட்டு இருக்கோம்" என்றேன்.

"நீங்க பாத்து முடிங்க. முடியற வரைக்கும் பெட்டியோட இந்தப் பக்கம் வராதீங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் குரல் ஏறவே இல்லை. இவளைப் பார்த்து மற்ற மந்தைக்காரர்களும் ஊசி வேண்டாம் என்கிறார்கள். மழை தொடங்கிப் புதுப் புல் முளைத்தால் துள்ளுமாரி வரும். காலையில் மேயப் போன ஆடு மதியம் துள்ளி விழுந்து சாகும். அப்போது நாற்பத்தைந்து என்ற கணக்கெல்லாம் இருக்காது, மந்தையே காலி.

எனக்கு ஒரு சந்தேகம். நான் இருந்த காலத்தில் பழைய 'தியோ' மீடியாவில்தானே சோதிப்போம்? மேலே இளஞ்சிவப்பு வளையம் தெரியுமே, அது. நீங்கள் அனுப்பிய நகலில் வேறு பெயர் இருக்கிறது. எப்போது மாற்றினீர்கள்? யார் சொல்லி மாற்றினீர்கள்? தைரியம் இருந்தால் இந்த மூன்று பாட்டிலையும் இரண்டு மீடியாவிலும் போட்டுப் பாருங்கள்.

கடுகு


ஜனவரி 20

கடுகு,

யார் சொல்லி மாற்றினோம் என்று கேட்கிறாய். நீ சொல்லித்தான்.

மறந்துவிட்டதா, மறந்த மாதிரி நடிக்கிறாயா? இங்கே நீ கடைசியாகச் செய்த வேலை அதுதானே. ஆறு மீடியா, ஐந்து வகைக் கிருமி, மூன்று மாத ஒப்பீடு. தியோவை அன்றன்றைக்குக் கொதிக்கவைக்க வேண்டும், வளையம் இறங்கிவிட்டால் கீழே கொட்ட வேண்டும். புதிய பொடியைத் தண்ணீரில் கரைத்து நீராவி ஆட்டோகிளேவில் வைத்தால் முடிந்தது. அதோடு, தியோ மூன்று நாளில் காட்டிய கிருமியைப் புதியது இரண்டே நாளில் காட்டியது. உன் அட்டவணை, உன் எண்கள். அதை நம்பித்தான் தியோவை நிறுத்தினோம். 9ஆம் பேட்ச்சிலிருந்து எல்லாமே புதிய மீடியாவில்தான்.

ஆக, இன்று குற்றவாளியைத் தேடிக்கொண்டு கிளம்பியவள், தேடும்போது தன் வீட்டுக் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

உன் பார்சல் வந்தது. பாட்டில்களின் மூடியில் நீ ஒட்டிய டேப்பும் கையெழுத்தும் அப்படியே இருக்கின்றன. ஆனால் வெளி அட்டைப்பெட்டி ஒருமுறை பிரித்து மறுபடி ஒட்டப்பட்டிருக்கிறது. நீ செய்ததா? இல்லையென்றால் யார்? பதில் எழுது. நான் குறித்துவைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை இரண்டு மீடியாவிலும் போட்டாயிற்று. பாட்டிலுக்குப் பத்து டியூப், ஐந்து பழையது, ஐந்து புதியது. தியோ காய்ச்சச் சொன்னதும் மீடியா அறையில் வேலைபார்க்கும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திரும்பவும் இந்தச் சனியனா? எதுக்கும்மா?" என்றார். பயிற்சிக்கு என்றேன். வீட்டில் உன் அண்ணன், "ஏதோ பார்சல் வந்துதாமே?" என்றார். கெமிக்கல் என்றேன். ஒரே நாளில் இரண்டு பொய். உன்னால்தான்.

அண்ணி


ஜனவரி 23

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகுதான் உட்கார்ந்தேன்.

அந்த ஒப்பீடு என்னுடையதுதான். ஆனால் நான் எழுதியது முழுவதையும் நீங்கள் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை எழுதியிருந்தேன். நான் வளர்த்துப் பார்த்தது வெறும் கிருமியை. தடுப்பூசி கலந்த டியூபில் வளர்த்துப் பார்க்க எனக்கு நேரம் தரப்படவில்லை. தடுப்பூசி கெடாமல் இருக்க அதில் பாதரச மருந்து சேர்க்கிறார்கள் அல்லவா? சோதிக்கும்போது அந்த மருந்தும் சேர்ந்து டியூபுக்குள் போகும். பழைய தியோவில் இருக்கும் கந்தகம் அந்தப் பாதரசத்தைக் கட்டிப்போட்டுவிடும். புதிய மீடியாவில் கட்டிப்போட எதுவும் இல்லை. கிருமி சாகாது, மயங்கிக் கிடக்கும். டியூப் தெளிவாகவே இருக்கும். அதே கிருமி ஆட்டின் உடம்புக்குள் போய், மருந்து கரைந்து பரவியதும் கண் விழித்துக்கொள்ளும்.

'தடுப்பூசியைக் கலந்து சோதிக்காமல் இந்த மீடியாவுக்கு மாறக் கூடாது.' இதே வார்த்தைகள். எனக்கு மனப்பாடம்.

அந்தப் பக்கம் எங்கே? எடுத்தது யார்? அது இருந்தால் மாற்றம் தள்ளிப்போயிருக்கும். தள்ளிப்போனால் யாருக்குத் தொந்தரவு? சோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் தயாரிப்புப் பிரிவுக்கு. அங்கே தலைவர் யார் என்று நான் எழுத வேண்டுமா? இதை எழுதக் கை கூசுகிறது. என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன அண்ணன்.

அட்டைப்பெட்டியை நான் பிரிக்கவில்லை. ஒருமுறைதான் ஒட்டினேன். அப்படியென்றால் உங்கள் பக்கத்தில்தான் யாரோ பிரித்திருக்கிறார்கள். டியூப்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடுகு


ஜனவரி 26

கடுகு,

ஐந்தாம் நாள் காலை, டியூப்களை இளஞ்சூட்டில் வைத்திருந்த இன்குபேட்டரைத் திறந்தேன். முதல் பாட்டிலின் தியோ டியூப்கள் ஐந்தில் நான்கு கலங்கியிருந்தன. அடியில் பஞ்சு மாதிரி வெள்ளை. மறுநாள் ஐந்தாவதும், இரண்டாம் பாட்டிலில் மூன்றும். பக்கத்திலேயே அதே பாட்டில்களிலிருந்து போட்ட புதிய மீடியா டியூப்கள் தெளிவாக, அழகாக நிற்கின்றன. இத்தனை நாள் நான் கையெழுத்துப் போட்டது இந்தத் தெளிவுக்குத்தான்.

கலங்கியதில் ஒரு சொட்டு எடுத்துச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஊதா நிறத்தில் திராட்சைக்கொத்து போல உருண்டைக் கிருமி. சீழ் பிடிக்கவைக்கும் ஜாதி. மீடியா சரியாகக் காய்ச்சப்பட்டதா என்ற சந்தேகம் வரக் கூடாதென்று தடுப்பூசி போடாத வெறும் தியோ டியூப் ஐந்தையும் கூடவே வைத்திருந்தேன். அவை தெளிவாக இருக்கின்றன. மூன்றாம் பாட்டில் இன்னும் அசையவில்லை. பதினான்காம் நாளுக்கு முன் முடிவு சொல்ல மாட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. டியூப் பார்க்க லேப்புக்குப் போனால், இன்குபேட்டர் முன்னால் உன் அண்ணன் நிற்கிறார். விடுமுறையில் அவருக்கு அங்கே என்ன வேலை?

"சும்மா வந்தேன். இது என்ன, பழைய மீடியா மாதிரி இருக்கு?"

"பயிற்சிக்கு."

"யாருக்குப் பயிற்சி?"

நான் இன்குபேட்டரைப் பூட்டினேன். வீட்டுக்கு ஒரே வண்டியில்தான் போனோம். நேற்றிலிருந்து இன்குபேட்டர் சாவியை என் கைப்பையில் வைத்திருக்கிறேன். அவர் காபி போட்டுக் கொடுத்தால், ஏன் இவ்வளவு அன்பு என்று தோன்றுகிறது. கூட வாழும் மனிதரை டியூபைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துப் பார்க்கும்படி ஆகிவிட்டது. பதினோரு வருஷத்தில் இப்படி இருந்ததில்லை.

நீ சொன்ன பக்கத்தை இன்னும் தேடவில்லை. பயமாக இருக்கிறது, அதுதான் உண்மை.

ஒன்று மட்டும் மறுபடி கேட்கிறேன். இதை நான் மேலே கொண்டுபோனால் முதல் கேள்வி உன் ஊசியைப் பற்றித்தான் வரும். 'விதிப்படி' என்று எழுதினாய். நீ எப்போதும் எண் சொல்கிறவள். எண் தெரியாதபோதுதான் நீ விதியைப் பேசுவாய்.

அண்ணி


ஜனவரி 30

அண்ணிக்கு,

சரி. எண் சொல்கிறேன்.

முதல் மந்தை, 90 ஆடு. பத்து ஆட்டுக்கு ஒரு ஊசி. கட்டி வந்தது 15.

இரண்டாம் மந்தை, 70 ஆடு. அதே மாதிரி. கட்டி 11.

மூன்றாம் மந்தை, 52 ஆடு. ஊசிப் பெட்டி தீர்ந்துவிட்டது. திரும்பிப் போய் எடுத்து வர நான்கு மணி நேரம் ஆகும், மந்தைக்காரர் அன்றே வேறு மேய்ச்சல் நிலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். 52 ஆட்டுக்கும் ஒரே ஊசி. இடையில் மூன்று முறை ஸ்பிரிட்டில் துடைத்தேன். கட்டி 19. செத்த ஐந்தில் மூன்று இந்த மந்தை.

பதிவேட்டில் ஆறு ஊசி என்று எழுதியிருக்கிறேன். பொய்.

உங்கள் முதல் கடிதத்தில் நீங்கள் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் 'அதோ பார், அவள் கைதான்' என்று சொல்லி எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிடுவீர்கள் என்று நினைத்தேன். உங்களை நம்பவில்லை. இப்போதும் முழுக்க நம்பவில்லை. ஆனால் அந்த டியூப்கள் கலங்கியதை நீங்கள் மறைக்காமல் எழுதினீர்கள். மறைத்திருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

ஊசி மாற்றிய மந்தைகளிலும் ஆறில் ஒரு ஆட்டுக்குக் கட்டி வந்திருக்கிறது. அதற்கு என் ஊசி காரணமில்லை. மூன்றாவது மந்தையில் அதிகமானதற்கு நான்தான் காரணம். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

கடுகு


பிப்ரவரி 4

கடுகு,

பதினான்கு நாள் முடிந்தது. மூன்று பாட்டிலில் இரண்டில் கிருமி. பழைய மீடியாவில் மட்டும். புதியதில் பதினைந்து டியூபும் தெளிவு.

நீ எழுதிய பக்கத்தைத் தேடினேன். இயக்குநர் அறை ஃபைலிலும், உன் அண்ணன் பிரிவு ஃபைலிலும் தேட முதலில் மனம் போனது. கிழித்த அடையாளம் எங்கேயாவது கிடைக்கும் என்று நம்பினேன். கிடைத்திருந்தால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். கடைசியில்தான் என் அலமாரியைத் திறந்தேன். பதினோராம் பக்கம். யாரும் கிழிக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. அடியில், 'படித்தேன், ஏற்கிறேன்' என்ற முத்திரை. அதன்மேல் என் கையெழுத்து.

அந்தப் பக்கத்தில் பதினெட்டுக் குறைகளை வரிசையாக எழுதியிருக்கிறாய். கையுறை அளவு சரியில்லை, விடுப்பு தருவதில் பாரபட்சம், பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறார். நீ மனப்பாடமாகச் சொன்ன வரி பதினான்காவது. எனக்கு இப்போது நன்றாக நினைவு வருகிறது. நீ வீட்டைவிட்டுப் போன மறுநாள் அது. முதல் இரண்டு குறைகளைப் படித்தேன். 'இவள் புலம்பலைப் படிக்க எனக்கென்ன தலையெழுத்தா' என்று முத்திரையைக் குத்தினேன். நீ எழுதியது என்பதற்காகவே படிக்கவில்லை. வேறு யார் எழுதியிருந்தாலும் படித்திருப்பேன்.

அன்று மாலை உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

"பார்சலப் பிரிச்சது நீங்கதானே?" என்றேன்.

"ஆமா."

"எதுக்கு? பாட்டில மாத்தவா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "பெட்டி மேல அவ கையெழுத்து இருந்துச்சு. ரெண்டு வருஷமாச்சு. எனக்குன்னு ரெண்டு வரி எழுதி உள்ள வெச்சிருப்பாளோன்னு பாத்தேன். இல்ல. திரும்ப ஒட்டிட்டேன்" என்றார்.

கேட்க வேண்டியது இன்னொன்று இருந்தது. கிருமி எங்கிருந்து வந்தது? அவரே சொன்னார். பாட்டிலில் நிரப்பும் அறையில் வடிகட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். 27 முடிந்து மெஷினைக் கழற்றியபோது அது கிழிந்திருந்ததாம். மாற்றினாராம். பதிவேட்டில் எழுதவில்லை.

"ஏன் எழுதல?"

"டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சே. பாஸுன்னு கையெழுத்து போட்டது நீதானே. நீ சுத்தம்னு சொன்னா சுத்தம்னுதான் நான் நம்பினேன்."

உண்மையைத்தான் சொல்கிறாரா? என் டெஸ்ட்டின் பின்னால் ஒளிந்துகொள்கிறாரா? பதினோரு வருஷம் கூட வாழ்ந்தும் எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை டியூப் ஸ்டாண்டையும் ஃபைலையும் உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் டியூப்களை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"இதை நீங்களே கொண்டு வரீங்களா? இதுல உங்க கையெழுத்து இருக்கு. உங்க வீட்டுக்காரர் பிரிவு இருக்கு."

"அதனாலதான் சார், வேற யாரும் கொண்டு வரதுக்கு முன்னாடி நான் கொண்டு வரேன்."

27ஐத் திரும்பப் பெறும் உத்தரவு நாளை வரும். 9லிருந்து எல்லா பேட்ச்களிலும் நாங்கள் எடுத்துவைத்திருந்த இருப்பு பாட்டில்களையும் தியோவில் போட்டிருக்கிறோம். விசாரணை முடியும்வரை எனக்குக் கையெழுத்து அதிகாரம் இல்லை.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

உத்தரவு வந்தது. மாவட்டம் முழுக்க 27ஐத் திரும்ப எடுத்தாயிற்று. என் ஆறு பாட்டிலையும் ஒப்படைத்துவிட்டேன். பதிவேட்டில் பொய் எழுதியதற்கு எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. உள்ளதை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன். உங்கள்மேல் கோபம் அடங்கவில்லை. ஆனால் அந்தப் பதினெட்டுக் குறைகளை எழுதிய சாயங்காலத்தை நானும் நினைத்துப் பார்த்தேன். பதினான்காவதை முதலாவதாக எழுதியிருக்கலாம். தனிக் காகிதத்தில் எழுதியிருக்கலாம். எழுதும்போது எனக்கு ஆடுகள் கண்ணில் நிற்கவில்லை. உங்களுக்கு எது அதிகமாகச் சுடும் என்று பார்த்துத்தான் வரிசைப்படுத்தினேன். சுடாததையெல்லாம் கீழே தள்ளினேன்.

அண்ணனைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வார்த்தை வரவில்லை. சந்தேகப்பட்டது பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதிக்கு வருத்தப்படுவது என்று தெரியவில்லை.

மந்தைகளுக்கு நேரில் போனேன். மூன்றாவது மந்தைக்காரர் ஊரில் இல்லை, ஆள் அனுப்பியிருக்கிறேன். முதல் மந்தைப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்திலேயே கிருமி இருந்தது, சோதனையில் தெரியாமல் போனது, சோதனை முறையை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. இன்னொரு மந்தையில் ஊசி மாற்றாமல் போட்டதையும் சொன்னேன்.

"நீங்க சொல்லாட்டி எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? எதுக்குச் சொல்றீங்க?" என்றாள். அவள் முகத்தில் நன்றி இல்லை. இதில் என்ன சூது என்று தேடுகிற முகம்.

"பழைய மருந்த நம்ப முடியாது. மழைக்கு முன்னாடி வேற கம்பெனி மருந்த நீங்க போட்டாகணும். பொய் சொல்லிட்டு எப்படிக் கேக்கறது?"

அவள் பட்டிக்குள் இருந்த குட்டிகளை எண்ணினாள். பிறகு, "பத்துக்குப் போடுங்க. கிடாய்க்குட்டி மட்டும். இருபது நாள் பாத்துட்டு மத்ததைச் சொல்றேன்" என்றாள். அந்தப் பத்துக் குட்டிகளின் காதிலும் சிவப்பு நூல் கட்டிப் பிரித்து நிறுத்தினாள். ஊசி போடாத பத்துக் குட்டிகளை அதே வயதில் தேர்ந்தெடுத்துப் பக்கத்துத் தடுப்பில் விட்டாள். ஒவ்வொரு குட்டிக்கும் ஊசியை மாற்றுகிறேனா என்று என் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மருந்து சேர்த்ததையும் சேர்க்காததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை, மூன்று மாத மீடியா ஒப்பீட்டில் நான் செய்யாததை, அவள் பத்து நிமிஷத்தில் செய்துவிட்டாள்.

கடுகு


பிப்ரவரி 25

கடுகு,

எல்லா இருப்பு பாட்டில்களின் முடிவும் வந்துவிட்டது. 26லும் 27லும் மட்டும் கிருமி. மற்றவை சுத்தம். 26 இன்னும் வண்டி ஏறவில்லை, குளிர் அறையிலேயே மாட்டிக்கொண்டது. இதைக் கேட்டபோது அழுதுவிட்டேன்.

உன் அண்ணனைச் சேமிப்புக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் அதிகம் பேசுவதில்லை. என்மேல் கோபமா, அவர்மேலேயே கோபமா என்று கேட்கவில்லை. சந்தேகம் ஒருமுறை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால், போ என்றால் உடனே எழுந்து போகாது போலிருக்கிறது. போகும்போது போகட்டும். நேற்று என் கைப்பையிலிருந்த இன்குபேட்டர் சாவியை எடுத்து லேப்பில் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.

மீடியா ஒப்பீட்டை மறுபடி செய்ய வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். இந்த முறை ஒவ்வொரு தடுப்பூசியையும் கலந்து, ஒவ்வொரு மீடியாவிலும். ஒரே ஆள் பார்த்து ஒரே ஆள் கையெழுத்துப் போடுவது இனி இல்லை. இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் குறிக்க வேண்டும். ஒரு ஆள் நான். இரண்டாவது ஆள் யார் வேண்டும் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு கேள்விப்பட்டேனே" என்றார்.

"ஆகாது சார். அதனாலதான் கேக்கறேன். நான் தெளிவுன்னு சொன்ன டியூப இன்னொருமுறை தூக்கிப் பாக்கறதுக்கு அவளவிட்டா ஆள் இல்ல."

உன் மருந்தகத்தோடு பேசி உன்னை மூன்று மாதம் இங்கே அனுப்பச் சொல்கிறாராம். நீ வர வேண்டும் என்று எனக்காக மட்டும் கேட்கவில்லை. அப்படி எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். எனக்காகவும் கேட்கிறேன் என்பதை மட்டும் மறைக்கவில்லை.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருபது நாள் முடியட்டும் என்று காத்திருந்ததுதான். இன்று போய்ப் பார்த்தேன். பத்துக் குட்டிக்கும் கட்டி இல்லை. அந்தப் பெண் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, நாளைக்கு வந்து மத்ததுக்குப் போடுங்க" என்றாள். புன்னகை எதுவும் இல்லை. ஆனால் படலை அவளே திறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை வருகிறேன். நிபந்தனைகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் தங்க மாட்டேன், லேப்புக்குப் பின்னால் உள்ள விடுதியில் அறை சொல்லிவிட்டேன். சாப்பிட மட்டும் ஞாயிற்றுக்கிழமை வருவேன். அண்ணன் எதிரில் உட்காருவேன், பேச்சு தானாக வந்தால் வரட்டும். என் தவறை என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், நானும் அப்படியே செய்கிறேன்.

உங்கள் நோட்டு வேறு, என் நோட்டு வேறு. பதினான்காம் நாள்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் டியூபைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. மற்ற எதைப் பற்றியும் பேசலாம். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பஸ் காலை பத்தரைக்கு வந்து சேரும். யாரும் வந்து நிற்க வேண்டாம். வந்து நின்றால் கோபித்துக்கொள்ளவும் மாட்டேன்.

கடுகு